பேய் மாதத்துத் தள்ளுபடி

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலையாக நின்றதில்லை. பார்த்த வேலைகளில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது டயர் கடையில்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருடம். எந்தக் காரைப் பார்த்தாலும் விற்பவர் வாயைத் திறக்கும் முன் குனிந்து அதைப் படித்துவிடுவேன்.

கைப்பேசிச் செயலி வழியாகக் காரில் ஆள் ஏற்றி ஓட்டித்தான் இப்போது பிழைப்பு. வீடு பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில். என் பழைய காருக்கு அந்த ஆகஸ்டு கடைசியோடு வயது வரம்பு முடிந்தது. அதற்குள் வேறு கார் பதிவாகவில்லை என்றால் செயலி எனக்கு வேலை தராது. முன்பு ஒருமுறை கார் இல்லாமல் நான்கு மாதம் சந்தையில் மீன் கூடை தூக்கியிருக்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் இன்னொரு முறைக்கு என் இடுப்பு ஒப்புக்கொள்ளாது.

புது மாடல் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் போன வருட மின்சாரக் காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு மைல்கூட ஓடாமலே தீபாவளி கழிந்த முறுக்குபோல் மூலையில் கிடக்கும். அதற்குத்தான் தள்ளுபடி. எப்போது போய்க் கேட்பது என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆடியில் நம்மவர்கள் கார் எடுக்கமாட்டார்கள். செத்தவர்கள் ஊருக்குள் திரியும் பேய் மாதத்தில் சீனர்கள் எடுக்கமாட்டார்கள். அந்த வருடம் ஆடி முடியும் முன்பே பேய் மாதம் பிறந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகக் கிடந்த அந்த நாட்களில் பாலம் தாண்டிப் பிறை என்ற ஊரில் ஒரு கார்க் கடைக்குப் போனேன். உள்ளே குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

விற்பனை பார்த்தவள் நம் தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கும். வெள்ளை நிறத்தில் ஒரே ஒரு கார் மிச்சமிருந்தது.

"புது ஸ்டாக் அண்ணே. போன மாசம்தான் இறங்குச்சு."

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். "இறங்குனது போன மாசமா இருக்கும் லா. டயர் போன வருசம் முப்பதாவது வாரம்."

"அண்ணே, நீங்க காடி வாங்க வந்தீங்களா, டயர் வாங்க வந்தீங்களா?"

விலையில் எட்டாயிரம் வெள்ளி குறைப்பதாகச் சொன்னாள். நான் பன்னிரண்டு கேட்டேன். மேலாளர் அறைக்குப் போய் வந்து, எட்டுதான் என்றாள்.

"அப்ப ஆடி முடியட்டும். இப்பக் கையெழுத்துப் போட்டா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

இது பச்சைப் பொய். என் மனைவி, "ஆடியாவது ஆவணியாவது, மொதல்ல ஒரு காடியக் கொண்டா" என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தக் காரைத் தொட இந்த மாதத்தில் ஆளே வராது, காயப்போட்டால் விலை தானாக இறங்கும் என்று நம்பினேன்.

மூன்று நாள் காயப்போட்டுவிட்டு மறுபடி போனேன். நான் கண்வைத்திருந்த வெள்ளைக் காருக்குள் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் மூக்குக்கண்ணாடி. தீவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மசாலாக் கடை வைத்திருப்பவராம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஆடியும் பேயும் இல்லாத ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது என்பதை எப்படி மறந்தேன்?

"பாய், ஒரு சங்கதி. இதோட டயர் பழசு," என்றேன்.

"மாத்திக்கலாம் தம்பி. ரப்பர்தானே."

"ராத்திரி எங்க சார்ஜ் போடுவீங்க? கடைத்தெருவுல எடமே இல்லையே."

"நீங்க எங்க போடுவீங்க?"

என் அடுக்குமாடியிலும் சார்ஜ் போட வசதி கிடையாது. பேரங்காடியில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "அசர் தொழுதுட்டு வந்து முடிவு சொல்றேன் மா," என்று பக்கத்துத் தொழுகைக் கூடத்துக்கு நடந்தார்.

கதவு மூடியதும் நான் மேசைக்கு ஓடினேன். "எட்டுக்கே எடுத்துக்கிறேன். தாளைக் கொண்டா."

"ஆடி அண்ணே," என்றாள் அவள் சிரிக்காமல். "அக்கா வீட்டுக்குள்ள விடமாட்டாங்களே?"

"நான் வாசல்லயே படுத்துக்கிறேன். பேனாவக் குடு லா!"

முன்பணம் கட்டி, ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசித் தாளில் மை காயும் முன் பாய் திரும்பிவிட்டார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் தொழப் போன நேரமாப் பாத்து முடிச்சிட்டியா, தம்பி?"

"மன்னிச்சிருங்க பாய். எனக்குப் பொழப்பே இதுலதான்."

"அல்லா ஒனக்கு எழுதியிருக்கான், எடுத்துக்க. எவ்வளவு கொறச்சாங்க?"

"எட்டு."

"எட்டா? எனக்குப் பத்துச் சொன்னாங்களே."

விற்பனைப் பெண் திடீரென்று அச்சு இயந்திரத்தில் தாள் அடுக்கப் போய்விட்டாள். நான் ரசீதைப் பார்த்தேன். கிழித்துப் போட்டால் பாய் அடுத்த நிமிடமே பேனாவை எடுப்பார் என்று தெரிந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

பாய் மகனோடு வந்தவர். மகன் இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். "ஒன் பழைய காடி இன்னும் ஓடுதுல்ல? என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு," என்றார். பாலத்தில் வாகன நெரிசல். தான் பேரம் பேசியிருந்தால் பன்னிரண்டு வரைக்கும் எப்படிக் குறைக்க வைத்திருப்பார் என்பதைக் கடை வாசல் வரை விளக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது வாடகை எவ்வளவு என்று கேட்டார். "ஒங்களுக்கு முழுத் தள்ளுபடி பாய்," என்று சொல்லிக் காரைக் கிளப்பினேன்.