சகலைக்குப் போட்ட பித்தளைக் கட்டி

செக் நாட்டு மொராவியாவில் ஒரு பஸ் டிப்போவில் லேத் ஓட்டும் லூபோருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே வியாதி, மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை கமில்.

இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல்குவாரியில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறவர்கள். கைத்துப்பாக்கிக் குண்டைப் போட்டுத் தோளில் அணைத்துச் சுடுகிற கார்பைன்தான் இருவர் கையிலும். ஓடிக்கொண்டே சுட வேண்டும். குறியும் தப்பக் கூடாது, நேரமும் ஆகக் கூடாது. லூபோர் தன் கார்பைனைப் பிள்ளையைப் போலச் சீராட்டினார். விசையைத் தேய்த்து வழவழப்பாக்கினார். குழல் முனைக்குத் துளை வைத்த மூடி மாட்டினார். ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும் போல்ட்டையும், அதன் பின்னால் இருக்கும் எடைக்கட்டியையும் சுரண்டிச் சுரண்டி இலேசாக்கினார். அவை இலேசானால் துப்பாக்கி குலுங்காது. குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். மாவட்டத்தில் அப்படி ஒரு கார்பைன் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கோப்பையை மட்டும் கமில் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் சமையலறை அலமாரி விற்கிறவன். நினைவு வந்தால்தான் துப்பாக்கியைத் துடைப்பான். கடையில் வாங்கியது வாங்கியபடியே கிடந்தது. ஆனால் கால் இருக்கிறதே, அது ஆட்டுக்குட்டிக் கால். மாமியார் பொஷெனா அவன் கோப்பைகளை டிவிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். விருந்துக்குப் போனால் லூபோருக்கு வாத்துக்கறி தொண்டையில் இறங்காது.

"ஒரு வருஷமாவது அவனைத் தாண்டிடணும்" என்பார் மனைவி டாக்மாரிடம். "துப்பாக்கி இன்னும் கொஞ்சம் சரியாகணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். துப்பாக்கியை இழைச்சது போதும், உங்க தொப்பையைக் கொஞ்சம் இழைங்க."

இந்த வருஷம் மாவட்டக் கோப்பைக்கு முன்னால், மாமியார் வீட்டிலேயே வைத்துக் கமில் தன் கார்பைனை நீட்டினான்.

"சகலை, உங்க கையால இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க. உங்களுது மாதிரியே."

மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "குடு, பாப்போம்" என்று வாங்கிக்கொண்டார்.

லேத் முன்னால் நின்றபோது அவருக்கு வயிறு எரிந்தது. பாடுபட்டுக் கண்டுபிடித்ததை எதற்கு அவனுக்குத் தாரை வார்க்க வேண்டும்? இலேசான கட்டிக்குப் பதிலாகப் பித்தளையில் கனமாக ஒன்றைக் கடைந்து போட்டார். ஸ்பிரிங்கையும் முரடாகப் பார்த்து மாட்டினார். ஆபத்து ஒன்றும் இல்லை. குண்டுக்குக் குண்டு கழுதை மாதிரி உதைக்கும், புள்ளி துள்ளும், நேரம் போகும், அவ்வளவுதான். அன்றைக்கே தன்னுடையதை இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.

போட்டியன்று விடியும்போதே மழை. குவாரியெங்கும் சேறு. முதல் சுற்றில் லூபோரின் புள்ளி அசையவே இல்லை, அவர்தான் முன்னணி. இரண்டாவது சுற்றில் மண்டிபோட்டுச் சுடும்போது சேறும் மணலும் உள்ளே தெறித்தன. முன்னுக்கு வந்த போல்ட் பாதியில் நின்றுவிட்டது. மணலைத் தள்ளிக்கொண்டு மூட அதற்கு எடை இல்லை. எடை எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். தட்டினார், இழுத்தார், மறுபடி சுட்டார், மறுபடி நின்றது.

கமிலின் துப்பாக்கியும் அதே சேற்றில்தான் புரண்டது. பித்தளைக் கட்டி மணலையும் சேர்த்து அரைத்துக்கொண்டு தடதடவென்று ஓடியது. உதைத்ததா என்றால் உதைத்தது. அவன் அதைச் சட்டையே செய்யவில்லை. கோப்பை மறுபடியும் அவனுக்கே.

சாசேஜ் வாட்டும் கொட்டகையில் எல்லோரும் ஒதுங்கியிருந்தபோது கமில் பெஞ்சுமேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்கப்பா! என்னோடதைத் திறந்து பாத்தேன், உள்ள கனமா ஒரு கட்டி. சகலையோடதைப் பாத்தேன், வெறும் தக்கை. கெட்டியானதை எனக்குப் போட்டுட்டு, நோஞ்சானைத் தனக்கு வச்சுக்கிட்டாரு இந்த மனுஷன்! கூடப் பொறந்தவன் செய்வானாய்யா இதை?" அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"லூபோர், எனக்கும் அதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுப்பா" என்றான் ஒருவன். எனக்கும் எனக்கும் என்று இன்னும் நாலு பேர்.

"இல்ல கமில், அது வந்து..."

"சும்மா இருங்க சகலை. உங்களுக்குப் பெருமையடிச்சுக்கத் தெரியாது!" இறங்கி வந்து சேற்றுக் கையோடு கட்டிக்கொண்டான்.

தோற்றது லூபோருக்குப் பெரிதாக வலிக்கவில்லை, அது பழகிப்போயிருந்தது. ஆனால் இத்தனை பேர் நடுவில், இவர்தான் என்னைவிட ஒசத்தி என்று கண்கலங்கச் சொல்ல இவனால் முடிகிறதே! கோப்பை வாங்கிய கையோடு முடிகிறதே! தன்னால் ஒருநாளாவது முடிந்ததா? ஓட்டம்தான் அவனுக்கு என்று நினைத்தால், இந்த மனசும் அவனுக்கா?

கமிலின் முதுகில் தட்டிக்கொடுத்தார். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.