கூட்டக் கூடாத தோப்பு

ஐப்பசி மழை விட்ட மறுநாள் என் சவுக்குத் தோப்பில் பத்துக் குழி வெட்டுவேன். ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம். மண்ணைச் சாக்கில் கொட்டி, மண்புழுக்களை எண்ணிவிட்டு மூடுவேன். வேர்க்கடலை போட்ட கடைசி வருடம் பத்துக் குழியிலும் சேர்த்துப் பத்தொன்பது. எழுபதுகளின் நடுவில் சவுக்கு நட்டேன். நான்காம் வருடம் நான்கு. ஆறாம் வருடம் இரண்டு. அதில் ஒன்று செத்திருந்தது.

ஆறு வருடத்தில் எல்லோரும் வெட்டிவிடுவார்கள். நான் வெட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான எனக்கு, மண் ஏன் செத்தது என்று தெரிந்தாகவேண்டும். சீக்கிரமே தெரிந்தது. பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலிருந்து ஆறு பெண்கள் விடியற்காலையில் வந்து, உதிர்ந்த சருகை அடுப்பெரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு இரண்டு கூடை. தரை வீட்டு வாசல்போலத் துடைத்துக் கிடந்தது.

"இனிமே யாரும் இங்க கூட்டக் கூடாது. பத்துக் குழியில எண்ணிப் பாத்தா ரெண்டே புழு" என்றேன்.

கூலிக்குத் தறி நெய்கிற ஒருத்தி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க கூட்டுனா கணக்கு, நாங்க கூட்டுனா திருட்டா சார்?"

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் அவள் துடைப்பத்தைப் பிடுங்கிக் கட்டுக்கயிற்றை அறுத்து, ஈர்க்குகளை வீசினேன். சிரிப்பு நின்றது.

"வூட்ல ஒல வெக்க ஒண்ணுமில்ல சார். ஒரே ஒரு கூடை..."

"அரைக் கூடைகூடக் கெடையாது."

வேலிகாத்தான் முள்ளை வெட்டி நான்கு பக்கமும் இடுப்புயரத்துக்கு அடைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு காலை, அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தைக் கையில் பிடித்திருந்தாள். பக்கத்தில் நிரம்பிய கூடை.

"முள்ளு ஒடிஞ்சி உள்ளயே நின்னுகினு கீது சார்."

"வேலி எதுக்குப் போட்டேன்னு இப்பத் தெரியுதா?"

கூடையைக் கவிழ்த்து, சருகைக் காலால் பரப்பிவிட்டேன். அவள் நொண்டிக்கொண்டே போனாள். மறுநாள் முள்ளை இன்னும் ஒரு வரிசை உயர்த்தினேன்.

பாதம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் காலால்தான் தறியின் மிதியை அழுத்தவேண்டும். அவளால் முடியவில்லை. தறி வேறொருத்திக்குப் போனது. இவள் மற்றவர்கள் தறிக்கு நூல் சுற்றினாள்.

தோப்பில் ஏழாம் வருடம் மாற்றமில்லை. எட்டாம் வருடம் சருகு கணுக்கால் வரை கிடந்தது. விலக்கினால் அடிமண் கறுத்து, வெள்ளைப் பூஞ்சை பட்டு இழைபோல ஓடியிருந்தது. ஒன்பதாம் வருடம் முப்பத்தொன்று. பதினோராம் வருடம் ஐம்பத்தெட்டு. மரம் முதிர முதிர மண்ணுக்கு உயிர் வந்தது, சருகை அதற்கே விட்டதால்.

அந்த எண்ணிக்கை தந்த சந்தோஷத்தில் முள்ளிப்பட்டுக்கே நடந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேலியைப் பிரிச்சிட்டேன்மா. தெனம் ரெண்டு கூடை எடுத்துக்கோ."

அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

"எத்தினி புழு சார் இப்ப?"

"அம்பத்தெட்டு."

"சருகு வேணாம் சார், மண்ணு பசியா இருக்கும், அதுக்கே போடுங்க." காலை முன்னால் நீட்டினாள். "இதுல ரெண்டு போச்சி. அதையும் கூட்டிக்கோங்க."

"அறுவது" என்றேன். வகுப்பில் சொல்கிற பழக்கத்தில், வாய்விட்டே சொல்லிவிட்டேன்.