பனைமரத்து நிறுத்தம்

“…அதனால இன்னைக்குப் பனமரத்துக்கிட்ட யாரும் நிக்க மாட்டாகத்தா. அந்தா பாரு, நாலு பேரும் சுத்துப் பாதையில போறாளுக. எல்லாம் எனக்காண்டிதான்” என்றாள் அக்கா.

காலை ஆறு மணி. வாலிநோக்கம் பக்கம் கடலோரமாக இருக்கிற ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். அக்கா பேட்டரி வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். நான் கீழே விசிலோடு நின்றேன். வண்டியின் நெற்றியில் இன்ஜினியர் கேமராவைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஊதினால் வண்டி கிளம்ப வேண்டும். ஊத மனசு வரவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பூங்காவில் கார் நிறுத்துமிடம் ஒரு கோடி. கடலைப் பார்த்த தங்கும் குடில்கள் மறு கோடி. நடுவில் சறுக்குகள், ராட்டினங்கள், செயற்கை அலைக் குளம். அதற்கெல்லாம் மேலே ராமநாதபுரத்து வெயில். அந்த வெயிலில் விருந்தாளிகள் நடக்கமாட்டார்கள் என்பதற்காக எட்டு பேட்டரி வண்டிகள். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுவதும், ட்ரிப் ஷீட்டில் எழுதுவதும் என் வேலை. சிக்கல் கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து போகிறேன். பத்தாவதோடு நின்றவள். ஆனால் காதில் விழுகிற நல்ல பேச்சை மட்டும் விடமாட்டேன், ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்வேன். “எங்க வீட்டுக்காரரு என் கையை இறுக்கிப் பிடிச்சது ரெண்டு தடவை. ஒண்ணு கல்யாணத்தன்னைக்கு, இன்னொண்ணு இந்த ராட்டினத்துல” என்று மதுரைக்கார அம்மா ஒருவர் சொன்னது இன்னும் என்னிடம் இருக்கிறது.

எட்டு ஓட்டுநர்களில் அக்காதான் முதல். கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. பூங்கா வருவதற்கு முன்னால் உப்பளத்தில் உப்பு வாரியவள். பாத்தித் தண்ணீரில் நின்று நின்று இரண்டு பாதங்களும் வெடித்துப் புண்ணாகி, ஒரு கட்டத்தில் ஆறவே இல்லை. “இனிமே உப்புத் தண்ணியில கால வச்சா காலை மறந்துரு” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பூங்காவில் பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் ரிவர்ஸ் எடுத்து மூன்று பூந்தொட்டிகளை உடைத்தவள், ஆறு மாதத்தில் கையில் ஐஸ்கிரீம் வைத்திருக்கிற குழந்தைகூட உச்சுக் கொட்டாத மாதிரி ஓட்டினாள்.

பூங்காச் சுவர் எழும்பியதில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை உள்ளே மாட்டிக்கொண்டது. ஊரிலிருந்து உப்பளத்துக்குப் போகிற பாதை அது. சுவரின் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன இரும்புக் கதவை மட்டும் விட்டிருந்தார்கள், தோட்ட வேலைக்காரர்களுக்காக. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம். மற்றவர்கள் கருவேலங்காட்டைச் சுற்றி, பாலம் வழியாக நடந்துதான் உப்பளத்துக்குப் போக வேண்டும். வெறுங்காலோடு நடந்தால் ஒரு மணி நேரம் தாண்டும்.

காலை ஆறு மணிக்கு முதல் வண்டி குடில்களுக்குப் போகும்போது காலியாகத்தான் போகும். அக்காவோடு உப்பு வாரிய நாலு பெண்கள் அந்தப் பனைமரத்தடியில் நிற்பார்கள். அக்கா நிறுத்துவாள். கடைசி இருக்கையில் ஒரு சாக்கை விரிப்பாள், ஈரமும் உப்பும் இருக்கையில் ஒட்டாமல் இருக்க. தூக்குச்சட்டி, தண்ணீர் கேன், உப்பு வாரும் பலகை எல்லாம் ஏறும். கடைசியாக, முட்டி மடங்காத ஒரு பெரியவள் ஏறுவாள். அக்கா திரும்பிப் பார்த்து, “எல்லாரும் ஏறியாச்சா?” என்பாள். உப்பளத்துப் பக்கத்துப் பின்வாசலில் இறக்கிவிட்டு, சாக்கை மடித்துத் தன் இருக்கைக்குக் கீழே செருகிக்கொள்வாள்.

வெளியாட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ட்ரிப் ஷீட்டில் நான் ஒரு நாளும் அதை எழுதியதில்லை. வாட்ச்மேன் பாய்க்கும் தெரியும், சொன்னதில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டினார்கள். விருந்தாளி அறையில் இருந்தபடியே கையில் கட்டிய பட்டையைத் தொட்டால் போதும், ஆளில்லாத வண்டி வாசலில் வந்து நிற்கும். பிறகு குளத்துக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டிகள் வரும். அதற்கும் பிறகு குடிலுக்குக் குடில் தானாகப் போகும் படகு. படத்தில் வந்த விருந்தாளிகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஓட்டுகிற முகம் ஒன்றுகூட அதில் வரவில்லை.

“இதெல்லாம் நான் பார்த்ததுதான்” என்றார் வாட்ச்மேன் பாய். அவர் வளைகுடாவில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர். “அங்கன ஒட்டகப் பந்தயத்துல மனுசனை இறக்கிட்டு மெசினை உக்கார வச்சுட்டாங்க, தங்கச்சி. ஒட்டகம் பாவம், ஓடிக்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்க்கும். எவன்டா இவன், முதுகுல கனமே இல்லையேன்னு.”

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் “அப்ப நாங்க?” என்று ஒரு ஓட்டுநர் கேட்டார். கேமராப் படங்களைப் பார்த்து வண்டிகளைக் கண்காணிக்கத் திரை அறையில் ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். எத்தனை பேர் என்று கேட்டதற்கு, ஒருவர் என்றார்.

புது வண்டிக்குப் பாதை தெரிய வேண்டும். அதற்கு நன்றாக ஓட்டுகிறவர் வண்டியில் ஒரு பெட்டியும் கேமராவும் பொருத்தி இரண்டு வாரம், கூட்டமில்லாத காலை முதல் ட்ரிப்பில் மட்டும் ஓட விட்டு, எங்கே மெதுவாகப் போக வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்களாம். அக்காவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். “கேமரா இருக்குன்னு மாத்திடாதீங்கக்கா. தினமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க” என்றார் இன்ஜினியர்.

அக்கா என்னிடம் வந்தாள். “ஏத்தா, பனமரத்துக்கிட்ட நிக்கவா, வேண்டாமா?”

“அவுக என்ன சொன்னாக? தினமும் ஓட்டுற மாதிரியே ஓட்டச் சொன்னாகல்ல? ரோட்டைத்தான் படம் பிடிக்குது, பின் சீட்டையா பிடிக்குது?” என்றேன்.

அந்த வாய் என் வாய். இன்று நினைத்தாலும் சுடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் கேமரா என்றால் கண் என்று நினைத்தோம். கண் பார்ப்பதை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம். அந்தப் பெட்டி பார்த்ததைவிட, அவள் கால் பிரேக்கில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை எண்ணிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அக்காவோ பெருமையில் இருந்தாள். உப்புக்காற்றில் மங்கிப்போகிற கேமராக் கண்ணாடியைத் தினம் காலையில் முந்தானையால் துடைத்துவிட்டு, “நல்லாப் பாத்துக்கய்யா” என்று அதனிடம் சொல்வாள்.

புது வண்டி வந்தது. மாலை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, வழக்கம்போல ஓட்டுநர் நெற்றியைத் தேடினார். ஓட்டுநர் இல்லை. ஸ்டியரிங்காவது இருக்குமா என்று பார்த்தார், அதுவும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேமராக் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். இன்ஜினியர் கைக்குட்டையோடு ஓடிவந்தார். முதலாளி குடும்பமே சிரித்தது.

அவர்களும் இன்ஜினியரும் அதில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் அக்கா வண்டியில் நானும் மேனேஜரும். முன் வண்டி சத்தமே இல்லாமல் போனது. வேகத்தடையில் மெதுவாக ஏறியது, அக்கா ஏறுகிற மாதிரியே. வளைவில் கொஞ்சம் முன்னதாகவே ஒதுங்கியது, அக்கா ஒதுங்குகிற மாதிரியே. “என்னைய மாதிரியே போகுதே” என்று அக்கா முணுமுணுத்தாள். குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

பனைமரம் வந்தது. வண்டி நின்றது.

பக்கவாட்டுக் கம்பி தானாக உயர்ந்தது. யாரும் இறங்கவில்லை, ஏறவும் ஆளில்லை. வெயில் ஏறிய நேரம், மரத்தின் நிழல் மட்டும் கிடந்தது. முதலாளி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “யாருக்காக நிக்குது?” என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. இன்ஜினியர் கையில் இருந்த டேப்லெட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வண்டி அசையவில்லை. நாலு பெண்கள், நாலு தூக்குச்சட்டி, ஒரு மடங்காத முட்டி. அதெல்லாம் ஏற ஆகிற அவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றது.

“எல்லாரும் ஏறியாச்சான்னு பார்க்குது” என்றாள் அக்கா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னதாக நினைத்திருப்பாள். மேனேஜர் திரும்பினார்.

கம்பி இறங்கியது. வண்டி தன் பாட்டுக்குப் போனது.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு, யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. “வர்ற வியாழக்கிழமை காலையில சுத்தமா ஒரு ஓட்டம் ஓட்டிக் கொடுங்க, புது வண்டி இனிமே அதைப் பார்த்துத்தான் ஓடும். நிறுத்தம் இல்லாத இடத்துல நிக்கக் கூடாது. இன்ஜினியர் பக்கத்துலயே உக்காருவார். அது சரியா வந்தா திரை அறை உங்களுக்குத்தான். நான் பேசிட்டேன்” என்றார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அக்கா தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், “அக்கா, ஒரு நாளைக்குத்தான. கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டிப் போயிருங்க.”

“ஒரு நாளாடி? நான் ஒரு நா நிக்கலைன்னா, அது என்னைக்கும் நிக்காது.”

நான் ட்ரிப் ஷீட்டைத் திருப்பி, அதை அப்படியே பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை அவளே ஊருக்குள் போய் அந்த நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறாள், நாளைக்கு நிற்க முடியாது என்று. முட்டி மடங்காத பெரியவள் விட்டுக்கொடுக்கவில்லையாம். “ஆமா, ஏரோப்ளேன் ஓட்டுறவ! உன் வண்டி வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன பறந்தா போனோம்? போடி. போயி ஏசி ரூம்புல உக்காரு. இனிமே உன் காலை நான் பாத்திக்குள்ள பாத்தேன், பலகையாலயே அடிப்பேன்.” இதை அக்கா என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் வியாழக்கிழமை வந்தது.

கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும். அவ்வளவு தட்டையான பூமி. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டை ஒட்டிய சுற்றுப் பாதையில் நாலு தலைகள் தெரிந்தன, தலைகளின் மேல் பலகைகள். மூன்று முன்னால். ஒன்று ரொம்பப் பின்னால், நின்று நின்று. முன்னால் போன மூன்றும் அதற்காக நின்று நின்று. நாம் நின்றால் அவள் பார்ப்பாள், பார்த்தால் நிறுத்துவாள், நிறுத்தினால் வேலை போகும் என்று கணக்குப் போட்டு, விடியும் முன்னாலேயே கிளம்பியிருக்கிறார்கள்.

“ஊதுத்தா” என்றாள் அக்கா.

“அக்கா…”

“ஊதுடி. அவளுக நடந்து கொடுத்தத வீணாக்கவா?”

இன்ஜினியர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஊதினேன்.

வண்டி கிளம்பியது. வேகத்தடை, வளைவு, அலைக் குளத்துச் சுவர், எல்லாம் வழக்கம்போல. பாய் தன் கூண்டிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். “இன்ஷா அல்லாஹ் தாண்டிருவா” என்றார். தாண்ட வேண்டும் என்று நானும் நினைத்தேன். அவளுடைய பாதங்களை நினைத்துத்தான் அப்படி நினைத்தேன். தாண்டக் கூடாது என்றும் உள்ளே ஏதோ ஒன்று நினைத்தது, அதை நான் பாயிடம் சொல்லவில்லை.

பனைமரத்தடியில் யாருமே இல்லை. இரும்புக் கதவு மூடியிருந்தது. நிற்க ஒரு காரணமும் இல்லாத இடம்.

வண்டி மெதுவாகி, எப்போதும் நிற்கிற அதே இடத்தில் நின்றது.

என் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. இன்ஜினியர் அழுத்தியிருக்க வேண்டும். “அக்கா, என்னக்கா? இங்க யாருமே இல்லையே?” என்ற அவர் குரல் கேட்டது.

அவள் பிரேக்கைப் போட்டாள். கீழே இறங்கினாள். இருக்கைக்குக் கீழே இருந்த சாக்கை உருவி, இரண்டு தடவை உதறி, கடைசி இருக்கையில் மூலை மடங்காமல் விரித்தாள்.