சைகோன் அடுப்பின் மூடி

என் வீட்டுக்காரர் சைகோனிலிருந்து திரும்பி வந்தபோது கூடவே ஓர் அடுப்பும் வந்தது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையை விட்டுப் போன மறு வருஷம் அது. கப்பலேறிப் பிழைக்கப் போவதை நாங்கள் சபர் என்போம், போகிறவர் சபராளி. மற்ற வீட்டுச் சபராளிகள் அத்தர், பட்டு, பீங்கான் தட்டு என்று கொண்டுவருவார்கள். என்னுடையவர் கொண்டுவந்ததோ வைக்கோல் திணித்த ஒரு பெரிய மரப்பெட்டி. ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த அதை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. என்னவோ ஏதோ என்று ஆசையாகக் குனிந்து பார்த்தேன். பச்சை மெருகு பூசிய சுட்ட மண் அடுப்பு, முட்டை வடிவில், என் இடுப்புயரத்துக்கு. ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு அடுப்பு. வந்த கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சண்டைக் காலத்தில் சைகோனில் இருந்த ஜப்பான்காரர்கள் விட்டுவிட்டுப் போனதாம். அவர் வேலை பார்த்த துணிக்கடையின் பின்கட்டில் கிடந்திருக்கிறது. கமாதோ என்று பெயர். என் உம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. குண்டன் என்று பெயர் வைத்துவிட்டார். மூன்று விரல் கனத்துக்குச் சுவர், அடியில் காற்றுப் போக ஒரு சின்னக் கதவு, மேலே குவிந்த கனமான மூடி, மூடியின் உச்சியில் ஒரு துளை. சவுக்குக் கரியைப் பற்றவைத்து மூடிவிட்டால், கதவையும் துளையையும் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் அடைத்து, சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊதுகுழலும் வேண்டாம், விசிறியும் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவரும் அப்படித்தான் வந்தார். வந்த மூன்றாம் மாதமே கப்பலேறிவிட்டார். அதனால் ஏழு வருஷம் கழித்தும் அவர் எங்கள் வீட்டில் புது மாப்பிள்ளைதான். அவர் வந்தால் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார். அவரை ஒரு சொம்பைக்கூடக் குனிந்து எடுக்க விடமாட்டார். உட்கார நல்ல பாய், சாப்பிட நல்ல துண்டு மீன், பேசுவதற்கு மட்டும் ஆள் இல்லை. நான் அதைவிட மோசம். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது கொல்லையில் நின்ற அடுப்பு ஒன்றுதான். நான்காம் நாள் அவரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு கொடுவா மீன் வாங்கிவந்தார். மஞ்சளும் மிளகும் தடவி, கம்பித்தட்டில் வைத்து, மூடியைப் போட்டுவிட்டு எதிரே குந்திக்கொண்டார். உம்மாவுக்கு மானமே போய்விட்டது. மாப்பிள்ளைக்கு நம் கைச் சோறு இறங்கவில்லையா, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அடுக்களைக்குள் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த மீனைத் தின்ற பிறகு கோபப்படுவது கஷ்டமாகிவிட்டது. தோல் மொறுமொறுப்பு, உள்ளே சாறு அப்படியே. உம்மா இரண்டாம் துண்டு போட்டுக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதன் பிறகு அவர் கரி போடும்போதெல்லாம் நானும் ஏதாவது சாக்கு வைத்துக் கொல்லைக்குப் போவேன். எனக்குப் பொறுமை கிடையாது. வெந்ததா வெந்ததா என்று மூடியைத் தூக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதைத் திரும்ப வைத்து, "சபுரா இரு புள்ள" என்பார். சபுர் என்றால் பொறுமை. சபருக்கும் சபுருக்கும் எழுத்தில் ஒரு கோடுதான் வித்தியாசம். சபர் எல்லாம் உங்களுக்கு, சபுர் எல்லாம் எனக்கா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று அன்று முழுதும் மனது அடித்துக்கொண்டது.

என் பயமெல்லாம் அந்த மரப்பெட்டியின் மேல்தான். அடுப்பை வெளியே எடுத்தவர் பெட்டியை உடைக்கவில்லை. வைக்கோலை உதறிக் காயவைத்து, திரும்ப உள்ளே திணித்து, மூடிப் பலகையோடு மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவைத்தார். திரும்பிப் போகாதவருக்குப் பெட்டி எதற்கு? தினமும் பெருக்கும்போது என் துடைப்பம் அதில் இடிக்கும். போவீர்களா என்று கேட்க வாய் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஐந்தாம் மாதம் சைகோன் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. முதலாளி கடையைப் பெரிதாக்குகிறார், வரச் சொல்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இருந்துவிடுங்கள் என்று வாயால் சொல்ல முடியாதவள் பிரியாணியால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதையும் அவருடைய அடுப்பிலேயே. வெள்ளிக்கிழமை காலையில், பக்கத்து ஊர் நெரவி வரைக்கும் போய்விட்டு அப்படியே ஜும்மாவும் முடித்து வருவதாகச் சொல்லிப் போனார். நான் கரியைப் பற்றவைத்து, கறியையும் அரைவேக்காட்டு அரிசியையும் சட்டியில் அடுக்கி, குண்டனுக்குள் இறக்கி மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேலே கங்கு போடாமல் தம் எப்படி இறங்கும்? எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஆக்கியதில்லை. கொட்டாங்கச்சிக் கங்கை அள்ளி அந்த மூடியின் மேல் போட்டேன். முட்டைச் சரிவு, உருண்டு என் காலடிக்கே வந்தது. எனக்கா வழி தெரியாது? பழைய துணியைத் தண்ணீரில் நனைத்து, குடம் சுமக்கச் சும்மாடு கட்டுவதுபோல் வளையமாகச் சுற்றி, மூடியின் மேல் வைத்தேன், அதற்குள் கங்கு நிற்கட்டும் என்று. ஈரத்துணி சூட்டில் சுர்ரென்றது. அடுத்த நொடி டொக் என்று ஒரு சத்தம். உச்சித் துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. அதன் வழியாகப் புகை நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

உம்மா வந்து பார்த்துவிட்டு, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், மாமியாரிடம் மாப்பிள்ளை கோபிக்க முடியாது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழுதுகொண்டேதான் பிரியாணியை இறக்கினேன். கடல் தாண்டி உடையாமல் வந்த ஒன்றை என் கை உடைத்துவிட்டது. இனி இந்த வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது?

அவர் தொப்பியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். கொல்லைக்குப் போய் மூடியை இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரலால் விரிசலைத் தடவினார்.

"மேல எதுக்குக் கங்கு வச்சே?"

"தம் போட."

"இந்த மூடியே தம்முதான் புள்ள," என்றார். குரலில் கோபம் இல்லை. இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சோறு போடவா என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே போய் அந்தப் பெட்டியைக் கொல்லைக்கு இழுத்துவந்தார். அவ்வளவுதான், அடுப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் முதல் ஆணியைப் பிடுங்கினார். பிறகு இரண்டாவது. பலகை ஒன்று கழன்று வைக்கோல் சரிந்தது.

"இந்த மூடி இனிமே கப்பல் தாங்காது," என்றார், என்னைப் பார்க்காமல். "இங்கேயே கெடக்கட்டும்."

ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"மூடி தாங்காது. நீங்க தாங்குவீங்களா மச்சான்?"

அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நா மொத தடவையே தாங்கல," என்றார்.

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுக்களை வாசலில் நின்ற உம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் கொல்லையில் இறங்கி வந்தார். பிரித்துப்போட்ட பலகையையும் வைக்கோலையும் ஒரு பார்வை பார்த்தார். ஏழு வருஷத்தில் எங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் முதல் வேலையை அப்போதுதான் சொன்னார்.

"அந்த ஆணியையெல்லாம் பொறுக்குங்க தம்பி. நடக்குற எடம், கால்ல குத்தும்."

அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.