பின்படிக்கட்டில் ஏறிய தகப்பன்

சிட்னியில் எங்கள் மகன் பிறந்தபிறகு பன்னிரண்டு நாள் நான் ஆஸ்பத்திரிக்குத் திருட்டுத்தனமாகத்தான் போய்வந்தேன். முன்வாசலில் ஒரு மேசை, அதன் பின்னால் கம்ப்யூட்டர்கள், வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துச் சிரிக்கும் பெண்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பயம். கார் நிறுத்துமிடத்திலிருந்து மேலே போகும் பின்படிக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகனைப் பார்த்துவிட்டு அதே வழியாக இறங்கிவிடுவேன். சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒன்பது வருடம் டெக்சாஸில் இருந்தோம். இந்தப் பயம் அங்கே வாங்கியது.

மகள் நிலா டெக்சாஸில் பிறந்தவள். எங்கள் இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்ட நெட்வொர்க் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று மூன்று முறை போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மனைவி வானதியைச் சேர்த்தேன். ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பட்டியலில் இல்லை. பிரசவ வலியில் கிடந்தவள் அவரிடம் அதை முதலில் விசாரித்திருக்க வேண்டுமாம். நிலா தவழ்ந்து, எழுந்து, நடக்கத் தொடங்கியபோதும் அவருக்கான பில் வந்துகொண்டிருந்தது. வேலை போனால் இன்சூரன்ஸும் போய்விடும் என்பதால், மேனேஜர் சொன்ன மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது குழந்தை என்ற பேச்சையே இருவரும் எடுப்பதில்லை.

அந்தப் பேச்சை சிட்னிக்கு வந்துதான் எடுத்தோம். ஐந்து வாரம் முந்திக்கொண்டு, சிசேரியனில் பிறந்தான் பயல். மூச்சு விடத் திணறுகிறான் என்று குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தகப்பனும் அப்போது பிள்ளை பிழைப்பானா என்றுதான் கேட்பான். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “இந்த டாக்டர் எங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். வெள்ளைக்கார நர்ஸுக்கு நெட்வொர்க் என்பது புரியவில்லை. பிறகு தோளைத் தொட்டு, “கவலைப்படாதீர்கள், அவர் ராத்திரி முழுக்க இங்கேதான் இருப்பார்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் பெரிய தொகை ஒன்று எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது, மேசைப் பக்கம் போனால்தான் அதைச் சொல்வார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் படிக்கட்டின் உச்சியிலேயே மாட்டிக்கொண்டேன். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க, வார்டு எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கதவை மறித்து நின்றார்.

“தம்பி, நில்லுங்கோ. உங்களை ஒரு கிழமையாத் தேடிக்கொண்டிருக்கிறன்.”

“பில் விஷயம்னா கொஞ்சம் டைம் குடுங்கக்கா. மாசாமாசம் கட்டிடறேன்.”

“என்ன பில்? பார்க்கிங் ஃபோர்ம் தாறதுக்கெல்லோ தேடினனான். பிள்ளை கனநாள் வார்டில இருந்தால் தாய் தேப்பனுக்குக் காசு குறைவு. நீங்கள் இவ்வளவு நாளும் முழுக்காசோ கட்டினீங்கள்?”

“ஆமாக்கா. அப்ப வைத்தியத்துக்கு?”

“உங்களிட்ட மெடிகேர் கார்ட் இருக்குத்தானே? பிறகென்ன, வைத்தியம் முழுக்க அரசாங்கச் செலவு. பிள்ளை பால் குடிக்குது, போய்ப் பாருங்கோ.”

உள்ளே மகன் மூக்கில் குழாய் இல்லாமல், வானதியின் மார்பில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். குழாயை அன்று காலைதான் எடுத்தார்களாம். நான் படிக்கட்டுக் கதையைச் சொன்னேன். “சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது” என்று சொல்லிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்குள் வயிறு குலுங்கச் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது, வேறெப்படிச் சொல்ல?

டெக்சாஸ் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பல் டாக்டரின் பில்லைப் பார்த்தால் இங்கேயும் கண்ணைக் கட்டும். முழங்கால் ஆபரேஷனுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் அங்கிள்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர்களில் பலருக்கு அந்த மெடிகேர் கார்டும் கிடையாது. எனக்குக் கிடைத்ததைத்தான் சொல்கிறேன்.

இருபதாம் நாள் மகனை வீட்டுக்குத் தூக்கிவந்தோம், முன்வாசல் வழியாக. மறுநாள் காலை டெக்சாஸின் டல்லாஸ் நகரில் இருக்கும் தங்கை மலரை அழைத்தேன். அங்கே முந்தின நாள் மாலை. எடை கேட்டாள், மூக்கு யார் ஜாடை என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எவ்வளவுண்ணா ஆச்சு?” என்றாள்.

“பார்க்கிங் மட்டும்தான்.”

“சும்மா சொல்லாதண்ணா.”

“நிஜமாத்தான்.”

சிரித்தாள். பிறகு சாதாரணமாக, “எனக்கு இப்ப அஞ்சு மாசம். ஸ்கேனைத் தள்ளி வச்சிருக்கேன். அவருக்குப் புது வேலைல அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிதான் இன்சூரன்ஸ் ஆரம்பிக்குது” என்றாள். அவள் உண்டாகியிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மலருக்குக் குழந்தை என்ற சந்தோஷத்தில் கத்திவிட்டேன். நாளைக்கே போய் ஸ்கேன் எடு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் இடத்தில் நானும் ஒன்றாம் தேதிக்குத்தான் காத்திருப்பேன்.

மகன் அழத் தொடங்கினான். “போனை அவன்கிட்ட வை, கேக்கணும்” என்றாள். வைத்தேன். அவன் கத்தக் கத்த மறுமுனையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, டெக்சாஸில் ஒன்றாம் தேதி பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.