கட்டுரையில் நான் மறைத்த பிழையளவு

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் எனக்கு ஒரு தராசுப் பட்டறை இருந்தது. என் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது; எஞ்சியதை வாசகசாலையின் அறிவியல் இதழ்களே புகட்டின. அங்கு நாங்கள் சிலர் சேர்ந்து கையெழுத்து இதழொன்று நடத்தினோம். ஒரே பிரதிதான், மேசைமேல் கிடக்கும்.

அதில் ஒருமுறை, இசட் என்னும் அடிப்படைத் துகளின் நிறையை அளந்த விதம் பற்றி எழுதினேன். ஐரோப்பாவில் நிலத்தடியே வளையமாகக் குடைந்த நெடுஞ்சுரங்கத்தில் எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளையும் மோதவிடுகிறார்கள். எந்த ஆற்றலில் அத்துகள் மிகுதியாகப் பிறக்கிறது என்று பார்த்து நிறையைக் கணிக்கிறார்கள். தட்டுமில்லை, படிக்கல்லுமில்லை, ஆயினும் எடை! எழுதிய நாளெல்லாம் எனக்குத் திருவிழாவாகவே கழிந்தது.

நான் படித்த இதழில் நிறையை அடுத்து, கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு சிற்றெண் இருந்தது; அளவு அவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்று காட்டும் பிழையளவு அது என்றிருந்தார்கள். தராசில் சிறு பிசகை, அதைச் சோதித்து முத்திரையிடும் அரசு ஆய்வாளரே அனுமதிப்பார் என்பது எங்கள் தொழிலில் யாவரும் அறிந்தது. எனினும் வாடிக்கையாளர் முன் பிசகு என்னும் சொல்லை உச்சரிக்க மாட்டோம். அந்த மரியாதையை அவ்விஞ்ஞானிகளுக்கும் செய்வதாக எண்ணி, சிற்றெண்ணை விட்டுவிட்டேன்.

வாசகசாலையில் நடக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்குப் பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். கட்டுரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க காலேஜ் பலகைல இத ஒட்டலாம்னு இருக்கேனுங்க. ஆனா பிழையளவு எங்கீங்க காணோம்?"

"நான்தானுங்க விட்டுப்போட்டேன். அத்தன பெரிய மனுசங்க குறைய ஊரறியச் சொல்லோணுமுங்களா?"

எங்கள் குழுவிலிருந்த மளிகைக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாருங்க, தராசுக்காரரே தட்டுல வெரல வெச்சுப்போட்டாரு!"

ஆசிரியை சிரிக்கவில்லை. "குறையில்லீங்க அது. நெலா இழுக்கறதுல பூமி துளியூண்டு ஏறி எறங்குது. அதுல அந்தச் சுரங்க வளையமே கொஞ்சம் நீண்டு, மோதற ஆற்றலும் மாறிப்போகுதுங்க. அதைக்கூடக் கண்டுபுடிச்சுக் கழிச்சுத்தான் அந்த எண்ண அவ்வளவு சின்னதாக்கியிருக்காங்க. அவங்க பட்ட பாடெல்லாம் அதுலதானுங்க இருக்குது. அது இல்லாம என்னால ஒட்ட முடியாதுங்க."

எட்டாவது படித்தவனின் எழுத்து கல்லூரிப் பலகை ஏறுவதென்பது எனக்குச் சிறிய காரியமன்று. அது கைநழுவுகிறதே என்னும் கலக்கத்தினும், உழைத்தவர்களின் உழைப்பையே அழித்துவிட்டேனே என்னும் நாணம் பெரிதாயிருந்தது. தாளை வாங்கி, அங்கேயே அமர்ந்து கட்டுரை முழுவதையும் மறுபடி எழுதினேன். நிறைக்கு அருகில் அச்சிற்றெண்ணையும், அதன் கீழே நிலாவின் செய்தியையும் சேர்த்தேன். மளிகைக்கடைக்காரர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, வரிக்கு வரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாரமே அது பலகை ஏறிற்று. பெண்கள் கல்லூரியாதலால் நான் உள்ளே சென்று பார்க்கவில்லை. கட்டுரையின் அடியில், 'எழுதியவர் தராசு செய்பவர்' என்று ஆசிரியையே தம் கையால் குறித்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.