கறித்தூளுக்கு வந்த இந்தியக் குரல்

ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது: கமராவைக் கண்டதும் நான் சென்னைக்காரனாகிவிடுவேன். பிறந்தது யாழ்ப்பாணம், முப்பது வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தை. சென்னையில் மொத்தம் நான்கு நாள் தங்கியிருக்கிறேன். அதில் இரண்டு நாள் வயிற்றோட்டம். ஆனால் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, எதையும் விற்பதென்றால் அந்தத் தமிழில்தான் விற்கவேண்டும் என்று மண்டையில் பதிந்துவிட்டது.

தான் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டபின், மனைவி வீட்டில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினாள். இணையத்தளமும் போட்டோம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள். ஓடர்கள் குறைந்தபோது, வீடியோ போட்டால் சனம் வரும் என்று சொன்னவன் நான்தான். நாலு புத்தகம் வாசித்தவன் பேசினால் எடுபடும் என்றும் சொன்னேன்.

போனை அரிசி வாளியில் சாய்த்துவைத்து, "வாங்க வாங்க! நம்ம வீட்டு மசாலா, சும்மா கமகமன்னு இருக்கும்!" என்றேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, பதினொரு தரம் எடுத்தேன்.

"ஏன் இப்பிடிக் கதைக்கிறியள்?" என்றாள் மனைவி.

"விளம்பரம் எண்டால் இப்பிடித்தான்."

அடுத்த மூன்று கிழமை ஒரு ஓடரும் இல்லை. கட்டிய பைக்கற்றுகளை மேசையில் ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட்டோம். அவள் மறுபடி வேலை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு லண்டனில் இருக்கும் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி அழைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, நீங்கள் இப்ப இந்தியத் தூளோ விக்கிறியள்? வீடியோவில ஒரு இந்தியக்காரர் நிண்டு கத்துறார். இஞ்ச எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

மனைவி என்னைப் பார்த்தாள். "இல்லை தங்கச்சி, அதே தூள்தான். அந்த வீடியோவை நீக்கிவிடுறன்."

கத்தியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நான் வாயே திறக்காமல், அவள் குசினி அடுப்பில் வறுப்பதை மட்டும் எடுத்தேன். நடுவில் திரும்பி, "இஞ்சருங்கோ, அந்த யன்னலைத் திறவுங்கோ, மிளகாய் நெடி தாங்கேலாது" என்று தும்மினாள். நானும் தும்மினேன். வீடியோவில் அதை வெட்டத் தெரியாததால் அப்படியே போட்டுவிட்டேன்.

அந்தக் கிழமையே லண்டன்காரி அழைத்து, ஐந்து பைக்கற் கேட்டாள்.

"இப்பதான் எங்கட குசினி மாதிரிக் கிடக்கு அக்கா. அந்தாளை நிப்பாட்டினது நல்லது. பாவம், வேற எங்கயாவது ஒரு வேலை தேடட்டும்."